எட்டு போட்டால் லட்ச ரூபாயா?

டிரைவிங் லைசென்ஸ் வாங்கப் போகிறவர் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். கால் தரையில் படாமல் போட்டால் பாஸ். லேப்டாப் கம்பெனிகளும் பல வருடங்களாக எட்டுதான் போட்டுக் காட்டின. எட்டு ஜிபி ரேம்! வித்தியாசம் என்னவென்றால், லைசென்ஸ் ஆபீஸில் எட்டு போடுகிறவர்தான் பணம் கட்டுவார். இங்கே கம்பெனி எட்டு போட்டது, வாடிக்கையாளர் லட்சத்துக்கு மேல் கட்டினார்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து, காலேஜ் அட்மிஷனும் முடிந்தால் புதுச்சேரியில் அடுத்த வேலை லேப்டாப் வாங்குவது. நேரு வீதியிலும் காமராஜர் சாலையிலும் அப்பாவும் பிள்ளையுமாகக் கடை ஏறி இறங்குகிறவர்களைப் பார்க்கலாம். அப்பா சீட்டு எடுத்த பணத்தோடு வந்திருப்பார், இல்லையென்றால் இஎம்ஐ போட ஆதார், பான் கார்டு ஜெராக்ஸோடு. கடையில் நடக்கும் பேச்சு வருடா வருடம் மாறுவதே இல்லை.

"அண்ணே, இதுல எட்டுதான் போட்டிருக்கு. பதினாறு இல்லையா?"

"காலேஜ் வேலைக்கு எட்டே ஜாஸ்தி தம்பி. பதினாறு வேணும்னா அடுத்த மாடல் போகணும். பட்ஜெட் ஏறும்."

"பின்னாடி ரேம் மட்டும் சேத்துக்கலாமா?"

"அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி..."

இந்தப் 'பார்த்துக்கலாம்'தான் மேட்டர். கடைக்காரரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. கம்பெனி அனுப்பியதைத்தான் அவர் விற்கிறார். அந்த மெஷினில் ரேம் சேர்க்க முடியுமா என்பது பல நேரம் அவருக்கே தெரியாது, ஏனென்றால் டப்பாவில் அது பெரிதாக எழுதியிருக்காது.

ரேம் என்றால் என்னவென்று டெக்னிக்கலாக விளக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காமர்ஸ்காரனுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மளிகைக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் மேஜைதான் ரேம். குடோன்தான் எஸ்எஸ்டி. மேஜை சின்னதாக இருந்தால் கடைப் பையன் ஒவ்வொரு சாமானுக்கும் குடோனுக்கு ஓடி ஓடி வருவான். வேலை நடக்கும், ஆனால் க்யூ நகராது. ரேம் பற்றாத கணினியும் இப்படித்தான் எஸ்எஸ்டிக்கும் ரேமுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்டி எவ்வளவு வேகமானாலும் ரேமோடு ஒப்பிட்டால் மந்தம்தான். போதாக்குறைக்கு எஸ்எஸ்டியில் இத்தனை தடவைதான் எழுதலாம் என்று ஒரு ஆயுள் கணக்கும் உண்டு.

முன்பெல்லாம் இதற்கு வழி இருந்தது. லேப்டாப்பின் அடிப்பலகையைக் கழற்றினால் ரேம் ஸ்லாட் இருக்கும். பழைய குச்சியை எடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்றைச் சொருகினால் இரண்டு வருடம் ஆயுள் கூடும். மெலிசாக வேண்டும், பேட்டரி நிற்க வேண்டும் என்று சொல்லி ரேமை போர்டிலேயே பற்றவைக்க ஆரம்பித்தார்கள். 2012இல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவிலும் இப்படித்தான். இன்று விண்டோஸ் லேப்டாப்களிலும் மெலிசான மாடல்கள் பல இந்த ரகம்தான். ஆப்பிள் சிலிக்கான் வந்த பிறகு ரேம் சிப்பும் பிராசசரும் ஒரே பேக்கேஜுக்குள் போய்விட்டன. இந்த அமைப்பால் வேகம் கூடுகிறது என்பது உண்மை, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பற்றவைத்த நிமிடத்திலிருந்து வாங்குகிறவருக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். வாங்கும் அன்று தப்பாகத் தேர்ந்தெடுத்தால் கடைசி வரைக்கும் தப்புதான். இப்படி ஒரு நிலைமையை உருவாக்கியவனுக்கு, அடிப்படை மாடலில் போதுமான ரேம் வைக்கும் கடமை கூடுமா, குறையுமா?

குறையும் என்று முடிவு கட்டியது ஆப்பிள். தேதி வாரியாகப் பாருங்கள்.

2020 நவம்பரில் எம்1 மேக்புக் ஏர் வந்தது. 8 ஜிபி, இந்திய விலை 92,900 ரூபாய். அன்றைக்கு அது நல்ல சரக்கு, சந்தேகமே இல்லை. 2023 அக்டோபர் கடைசியில் எம்3 சிப்போடு 14 அங்குல மேக்புக் ப்ரோ வந்தது. பெயரிலேயே 'ப்ரோ'. விலை 1,69,900 ரூபாய். ரேம்? அதே 8 ஜிபி! உலகம் முழுக்கச் சிரித்தார்கள். அடுத்த மாதம் ஆப்பிளின் மார்க்கெட்டிங் துணைத் தலைவர்களில் ஒருவரான பாப் போர்ச்சர்ஸ் ஒரு பேட்டியில், எங்களுடைய 8 ஜிபி மற்றவர்களின் 16 ஜிபிக்குச் சமமாக இருக்கும் என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னார். நினைவகத்தை அவர்கள் சிக்கனமாகப் பயன்படுத்துகிறார்கள், சுருக்கி வைக்கிறார்கள் என்பது வாதம். சுருக்கி வைக்கும் வித்தை விண்டோஸிலும் 2015இல் வந்த விண்டோஸ் 10 முதலே இருக்கிறது. தவிர, மேக்கில் அந்த 8 ஜிபியைத்தான் கிராபிக்ஸும் பங்கு போட்டுக்கொள்கிறது. எட்டு பேர் உட்காரும் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தால் பத்து பேர் உட்காரலாம். பதினாறு பேர் உட்கார முடியுமா? :-)

2024 மார்ச்சில் எம்3 மேக்புக் ஏர் 1,14,900 ரூபாய்க்கு வந்தது. மாணவர்களுக்குப் பத்தாயிரம் தள்ளுபடி. 8 ஜிபியேதான். 16 வேண்டுமென்றால் கூடுதலாக 20,000 ரூபாய். ஒரு ஜிபி 2,500 ரூபாய் ஆகிறது. அந்தச் சமயத்தில் சாதாரண லேப்டாப்பில் சொருகும் 8 ஜிபி டிடிஆர்4 ரேம் சில்லறை விலையிலேயே இரண்டாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் கிடைத்தது, ஜிஎஸ்டி, கடைக்காரர் லாபம் எல்லாம் சேர்த்து. ஆப்பிள் போடுவது அந்த ரகம் இல்லை, வேகமான ரகம். சரி, இரண்டு மடங்கு வையுங்கள், மூன்று மடங்கு வையுங்கள். இருபதாயிரம் எங்கிருந்து வரும்? அதுவும் 2023 என்பது மெமரி சிப் கம்பெனிகள் விலை சரிந்து நஷ்டத்தில் தத்தளித்த வருடம். மைக்ரான், சாம்சங்கின் சிப் பிரிவு எல்லாம் நஷ்டக் கணக்கு காட்டின. செய்கிறவன் நஷ்டத்தில் விற்ற பொருளை வாங்கிப் பற்றவைத்தவன் இந்த விலைக்கு விற்றான்.

இனிமேல்தான் கிளைமாக்ஸ். 2024 ஜூனில் ஆப்பிள் தன்னுடைய எக்ஸ்கோட் மென்பொருளில், நிரலை ஊகித்து எழுதித் தரும் வசதியை அறிவித்தது. அதற்கு 16 ஜிபி உள்ள மேக் வேண்டும் என்று ஆப்பிளே நிபந்தனை போட்டது. எட்டு என்பது பதினாறுக்குச் சமம் என்று சொல்லி எட்டு மாதம்கூட ஆகவில்லை, ஐயா! பிறகு 2024 அக்டோபர் 30 அன்று, கடையில் விற்றுக்கொண்டிருந்த அதே எம்2, எம்3 மேக்புக் ஏர்களின் அடிப்படை ரேமை 16 ஜிபி ஆக்கினார்கள். விலை? ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை.

அதாவது செப்டம்பரில் ஒருவர் 16 ஜிபி எம்3 ஏர் வாங்க 1,34,900 கொடுத்தார். நவம்பரில் அதே மெஷினை இன்னொருவர் 1,14,900க்கு வாங்கினார். காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்கள் யோசிக்கட்டும். அந்த இருபதாயிரம் உண்மையிலேயே ரேமின் அடக்க விலை என்றால் ஒரே ராத்திரியில் எப்படி பூஜ்யமாகும்? பொருளின் விலை காலப்போக்கில் குறைவது சகஜம், ஆனால் 20,000லிருந்து சைபருக்கு ஒரே நாளில் இறங்குவது எந்தப் பொருளுக்கும் நடக்காது. அதைவிட வேடிக்கை, பதினாறிலிருந்து இருபத்துநாலுக்குப் போக வேண்டுமா? அதற்கு மறுபடியும் அதே 20,000. முதல் எட்டு ஜிபி இலவசம், அடுத்த எட்டு ஜிபி இருபதாயிரம்!

இந்த வித்தைக்கு நூற்றெழுபது வருட வரலாறு இருக்கிறது. புதுச்சேரிக்கு விழுப்புரத்திலிருந்து ரயில் வந்தது 1879இல். அதற்கு முப்பது வருடம் முன்பே, 1849இல், பிரான்ஸில் ஜூல் துபுய் என்ற எஞ்சினியர் ரயில் கட்டணத்தைப் பற்றி எழுதினார். பாலம், சாலை கட்டும் அரசு எஞ்சினியர்தான், ஆனால் இன்றைய மைக்ரோ எகனாமிக்ஸ் புத்தகங்களில் பாதிக்கு விதை போட்டவர். அந்தக் காலத்து மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குச் சில இடங்களில் கூரையே கிடையாது. கூரை போடக் காசில்லாமலா என்றால், இல்லை. கூரை போட்டுவிட்டால் இரண்டாம் வகுப்பில் போகக்கூடிய வசதிக்காரனும் மூன்றாம் வகுப்பிலேயே ஏறிவிடுவான். அவனைப் பயமுறுத்தத்தான் ஏழையை வெயிலிலும் மழையிலும் உட்கார வைத்தார்கள் என்று துபுய் விளக்கினார். ஏழை மேல் கோபம் ஒன்றும் இல்லை, வசதிக்காரனின் பர்ஸ் மேல்தான் கண்.

8 ஜிபி மாடல் என்பது கூரை இல்லாத பெட்டி. அது நிறைய விற்க வேண்டும் என்பது அதன் வேலை இல்லை. விளம்பரத்தில் 'இத்தனை ரூபாயிலிருந்து' என்று சின்ன எண்ணைக் காட்டுவதற்கும், கடைக்குள் வந்தவரை அடுத்த படிக்கு ஏற்றுவதற்கும்தான் அது. 1990இல் ஐபிஎம் நிமிடத்துக்குப் பத்துப் பக்கம் அச்சிடும் லேசர் பிரிண்டரையும், ஐந்து பக்கம் மட்டும் அச்சிடும் 'ஈ' மாடலையும் விற்றது. உள்ளே கிட்டத்தட்ட ஒரே மெஷின்தான், விலை குறைந்த மாடலில் வேகத்தைத் தடுக்கவே தனியாக ஏற்பாடு செய்திருந்தார்கள்! 1991இல் இன்டெல் விற்ற 486 எஸ்எக்ஸ் சிப்பும் இந்தக் கேஸ்தான், கணக்குப் போடும் பகுதியை முடக்கி மலிவு மாடல் என்று விற்றார்கள். பொருளியலில் இதற்கு 'சேதப்படுத்திய சரக்கு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

எதிர்த்தரப்பு சும்மா இல்லை. "பி.காம். பையனுக்கு என்ன பெரிய வேலை? டாலி, எக்ஸெல், யூடியூப். எட்டு தாராளம்" என்பார்கள். பாதி உண்மைதான். டாலிக்கு 4 ஜிபி ரேம் உள்ள மெஷினே போதும். ஆனால் யாரும் டாலியை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவதில்லை. விண்டோஸ் 11 ஆன் ஆகி நின்றாலே மூன்று ஜிபிக்கு மேல் போய்விடும். அதற்கு மேல் ஒரு ஆன்லைன் வகுப்பு, பதினைந்து டேப் திறந்த க்ரோம், வாட்ஸப், ஒரு பிடிஎஃப். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள், எண்பது தொண்ணூறு சதவீதம் காட்டும். மலிவு விலை ரைசன் மெஷின்கள் சிலவற்றில் கிராபிக்ஸுக்கென்று 2 ஜிபி வரை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். டப்பாவில் எட்டு, கைக்கு வருவது ஆறு. ரேஷன் கடை எடை மாதிரி.

மைக்ரோசாஃப்ட் கதை இன்னும் ஜோர். விண்டோஸ் 11 ஓட 4 ஜிபி போதும் என்று 2021இல் சொன்ன அதே கம்பெனி, 2024 மே மாதம் 'கோபைலட் ப்ளஸ் பிசி' என்று பெயர் வைத்தபோது குறைந்தபட்சம் 16 ஜிபி என்று விதி போட்டது. மாணவனின் வேலைக்கு நாலு போதும், அவர்கள் விற்க நினைக்கும் ஏஐக்கு மட்டும் பதினாறு வேண்டும்!

"அப்படியென்றால் எல்லாருக்கும் பதினாறு போட்டு விலையை ஏற்றிவிட்டால் ஏழை எப்படி வாங்குவான்?" இது நியாயமான கேள்வி, இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். இருபத்தைந்தாயிரம், முப்பதாயிரம் ரூபாய் மெஷினில் 8 ஜிபி இருந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. அங்கே ஒவ்வொரு ஆயிரமும் உண்மையிலேயே கணக்கில் வருகிறது. அதுவும் கூட ஒரு காலி ஸ்லாட் இருந்தால் பிரமாதம், இரண்டு வருடம் கழித்து டியூஷன் எடுத்த காசில் இன்னொரு எட்டு போட்டுக்கொள்ளலாம். சண்டை அவர்களோடு இல்லை. எழுபதாயிரத்துக்கும் லட்சத்துக்கும் எட்டைப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு, 16 வேண்டுமென்றால் தேவையில்லாத பெரிய பிராசசரையும் ஒரு டெராபைட் டிஸ்கையும் சேர்த்து வாங்கு என்று கட்டி விற்கிறார்களே, அவர்களோடுதான். அரிசி வாங்கினால்தான் சர்க்கரை என்று மளிகைக் கடையில் சொன்னால் ஊரே சண்டைக்குப் போகும்.

அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பதையும் கொஞ்சம் பாருங்கள். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் வாங்கிக் கொடுத்த முதல் செட் மெஷின்களில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் போட்டிருந்தார்கள். ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிபிக்கு மேல் ரேமை ஏற்கவே ஏற்காது, அது மைக்ரோசாஃப்ட் போட்ட வேலி. (மலிவு மெஷின்களுக்கென்று தனியாகக் கூரை பிடுங்கிய விண்டோஸ்! துபுய் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.) அதே தமிழ்நாடு 2025இல் கல்லூரி மாணவர்களுக்கென்று 20 லட்சம் மெஷின்களுக்குத் திட்டம் போட்டபோது 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி என்று நிர்ணயித்தது. மொத்தமாகப் பேரம் பேசி இலவசமாகக் கொடுப்பதற்கே குறைந்தபட்சம் எட்டு என்றால், கைக்காசு போட்டு அதைப் போல மூன்று மடங்கு கொடுப்பவனுக்கும் அதே எட்டா?

புதுச்சேரி மாணவனுக்கு அந்தத் தமிழ்நாட்டு மெஷினும் கிடையாது. ஊரிலிருந்து யுனிவர்சிட்டிக்கு பஸ் ஏறினால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு வந்துவிடும், காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரி ஆகிவிடும். ஒரே பஸ் ரூட்டில் கோடு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து ஒருவனுக்கு இலவசம், ஒருவனுக்கு இஎம்ஐ. முன்பு வரி குறைவு என்று கடலூர், விழுப்புரத்துக்காரர்கள் இங்கே வந்து டிவியும் ஃபிரிட்ஜும் வாங்கிப்போன காலம் உண்டு. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்த பிறகு லேப்டாப்புக்கு நேரு வீதியிலும் தி.நகரிலும் ஒரே 18 சதவீதம்தான்.

கம்பெனிச் சட்டம் 2013இன் இரண்டாவது அட்டவணையில் லேப்டாப்பின் பயனுள்ள ஆயுள் மூன்று வருடம் என்று போட்டிருக்கிறது. அது கம்பெனிகளுக்கு. சீட்டுப் பணத்தில் வாங்கிய வீட்டில் தேய்மானக் கணக்கு வேறு மாதிரி. அண்ணன் பி.காம். முடித்து, தங்கை ப்ளஸ் டூ முடித்து அவளும் காலேஜ் முடிக்கும் வரை அதே மெஷின் ஓட வேண்டும். ஆறு ஏழு வருடம். எட்டு 'இன்றைக்குப் போதும்' என்று சொல்கிறவர்கள் ஒரு வருடக் கணக்கில் பேசுகிறார்கள், வாங்குகிறவர் ஏழு வருடக் கணக்கில் வாங்குகிறார். பிராசசர் ஏழு வருடம் தாங்கும், திரை தாங்கும், பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம். பற்றவைத்த ரேம் ஒன்றால்தான் முழு மெஷினும் நாலாவது வருடமே குப்பைக்கோ ஓஎல்எக்ஸுக்கோ போகிறது.

இப்போது கம்பெனிகளுக்கு நிஜமாகவே ஒரு சாக்கு கிடைத்திருக்கிறது. 2025 கடைசியில் மெமரி சிப் விலை கிடுகிடுவென ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்று சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூவரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். சாதாரண மக்களுக்குக் க்ரூஷியல் என்ற பெயரில் ரேம் விற்றுவந்த தொழிலையே மூடப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. இரண்டாயிரம் ரூபாய் ரேம் என்பது பழைய கதையாகிவிட்டது. ஆக, எட்டு போதும் என்ற பாட்டை மறுபடி கேட்கத் தயாராக இருங்கள். அடக்க விலை ஏறினால் விலை ஏறுவதில் தப்பில்லை. ஆனால் 2023இல் மெமரி விலை தரையில் கிடந்தபோது அந்த லாபத்தில் ஒரு ஜிபியாவது வாடிக்கையாளர் பக்கம் வந்ததா? விலை இறங்கினால் அவர்களுக்கு, ஏறினால் மாணவனுக்கு என்றால் அதற்குப் பெயர் மார்க்கெட் இல்லை.

விலையை இவ்வளவுதான் வை என்று யாரும் சட்டம் போட முடியாது, போடவும் வேண்டாம். ஆனால் தகவலைக் கேட்கலாம். பிரான்ஸில் 2021 ஜனவரி 1 முதல் லேப்டாப்பில் பழுது பார்க்க எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் ஒட்டி விற்க வேண்டும். புதுச்சேரியில் பல வீடுகளில் பாரிஸில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார், அவர் அங்கே கடையில் அந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்குகிறார். இங்கே 2022 டிசம்பரில் மத்திய அரசு ரைட் டு ரிப்பேர் என்று ஒரு போர்ட்டல் திறந்தது. நல்லதுதான், ஆனால் கடையில் நிற்கும் அப்பா போர்ட்டலைத் திறந்து பார்க்கப் போவதில்லை, டப்பாவைத்தான் திருப்பிப் பார்ப்பார்.

அந்த டப்பாவில் எம்ஆர்பி இருக்கிறது, இறக்குமதி செய்தவர் முகவரி இருக்கிறது, எந்த நாட்டில் செய்தது என்று இருக்கிறது. பொட்டலப் பொருள் விதிகள் அதையெல்லாம் கட்டாயமாக்கியிருக்கின்றன. பொருளின் தரம், அளவு, திறன் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் கொடுக்கிறது. இன்னும் இரண்டே இரண்டு வரி சேர்த்தால் போதும். ரேம் பற்றவைத்ததா, சொருகியதா? அதிகபட்சம் எத்தனை ஜிபி வரை ஏற்றலாம்? பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் எத்தனை கிராம், எத்தனை கலோரி, எவ்வளவு சர்க்கரை என்று பொடி எழுத்திலாவது போடுகிறார்கள். லட்ச ரூபாய் டப்பாவில் இரண்டு வரிக்கு இடம் இல்லை என்று எந்தக் கம்பெனி சொல்லப் போகிறது?